4 மாதமாக நகராத 5 கிலோ... பெஞ்ச் பிரஸ் காட்டிக்கொடுத்த குறை!

இரவு ஒன்பதரை மணி. ஜிம்மில் என்னைத் தவிர மூன்று பேர். மூவர் காதிலும் ஹெட்போன். நான் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தேன். ராடின் இரண்டு பக்கமும் ஒரு பத்து கிலோ பிளேட். ஜிம் கணக்குப்படி மொத்தம் 40 கிலோ. நாலு மாதமாக நான் 35 கிலோவைத் தாண்டவே இல்லை. 'இன்னைக்கு விடறதில்ல' என்று முடிவுசெய்து ராடை எடுத்தேன்.

இறங்கும்போது ஒழுங்காகத்தான் இறங்கியது. நெஞ்சைத் தொட்டது. தள்ளினேன். நாலு விரல் உயரம் ஏறியது. அங்கேயே நின்றது. கை நடுங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து என் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

'சப்போர்ட்' என்று கத்த மூச்சு இல்லை. கத்தினாலும் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டிருக்காது. கடைசி வழியாக ராடை இடது பக்கம் சாய்த்தேன். பிளேட் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. மறு நொடியே வலது பக்கம் கனம் தாங்காமல் ராடு துள்ளி, அந்த பிளேட்டும் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஹெட்போன்கள் எல்லாம் கழன்றன. எனக்கு அடி எதுவும் இல்லை. நெஞ்சில் ஒரு சிவப்புக் கோடு மட்டும்.

அன்றைக்கு நான் ராடின் முனையில் கிளிப் மாட்ட மறந்திருந்தேன். அந்த மறதிதான் காப்பாற்றியது. கிளிப் மாட்டியிருந்தால் பிளேட் கழன்றிருக்காது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி. வாரம் தவறாமல் போகிறேன். சோம்பேறித்தனம் இல்லை. அப்புறம் ஏன் ஏறவில்லை?

ஏன் நிற்கிறது எடை?

ஜிம் பாஷையில் இதற்கு 'பிளாட்டோ' என்று பெயர். கிரேக்கத் தத்துவஞானி இல்லை. ஏறிக்கொண்டே வந்த பாதை திடீரென்று சமதளமாகிவிடுவது. பசங்க சுருக்கமாக 'ஸ்டக் ஆயிட்டேன்' என்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறும். அப்போது தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கற்றல் ஓரளவு முடிந்த பிறகு, மேலே ஏற தசை நிஜமாகவே வளர வேண்டும். அதற்குச் சாப்பாடு, தூக்கம், ஓய்வு, ஒழுங்கான பயிற்சி எல்லாம் தேவை. இதில் ஒன்று குறைந்தாலும் முதலில் நின்றுபோவது ராடுதான்.

எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறு வயதில் வாதக் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது, எடை தூக்கித்தான் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில், காலில் அடிபட்ட வீரர்களுக்கு அதே வழியைக் கையாண்டார். தூக்க முடிகிற எடையில் ஆரம்பித்து, தேறத் தேறக் கூட்டிக்கொண்டே போவது. 1945-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் 'பத்து ரெப்ஸ், மூணு செட்' என்கிறார்களே... அந்தக் கணக்கு பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரிலும் பலத்தை அளக்க ஒரு வழி இருந்தது. இளவட்டக்கல். தென் மாவட்டங்களில் பொங்கல் சமயத்தில் இன்றும் தூக்குகிறார்கள். ஆனால், கல்லுக்கு ஒரே எடைதான். தூக்கினால் தூக்கியது, இல்லையென்றால் இல்லை. இரும்பில் அந்தப் பிரச்னை இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் நான் கோட்டை விட்டிருந்தேன்.

'முதல்ல ராடை எடை போடு!'

மறுநாள் ஜிம்மில் ஒரு அக்கா என்னிடம் வந்தார். வங்கியில் வேலை. வயது நாற்பதுக்கு மேல். பவர்லிஃப்டிங் போட்டிகளுக்குப் போய் வருபவர். நேற்றைய கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

"எவ்ளோ போட்ட?"

"நாப்பதுக்கா. ராடு இருபது, பிளேட்டு இருபது."

"ராடு இருபதுன்னு யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்களே..."

"வெயிட் மெஷின்ல ஏறி நில்லு. அப்புறம் ராடைப் புடிச்சிட்டு நில்லு. கழிச்சிப் பாரு."

பார்த்தேன். 15.5 கிலோ!

போட்டிக்கான தரமான ராடு 20 கிலோ. சின்ன ஜிம்களில் கிடக்கிற ராடுகள் எல்லாம் அப்படி இல்லை. நீளமும் கனமும் கடைக்குக் கடை மாறும். ஆக, நான் பெருமையாக '35' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தது உண்மையில் 30.5. கொஞ்சம் வலித்தது. ஆனால், அதைவிட முக்கியமான விஷயம் அடுத்ததுதான்.

எங்கள் ஜிம்மில் இருக்கிற சின்ன பிளேட் இரண்டரை கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ கூடிவிடும். 100 கிலோ தூக்குகிறவருக்கு அது 5 சதவிகிதம். 30.5 கிலோ தூக்குகிற எனக்கு 16 சதவிகிதத்துக்கு மேல். "100 கிலோ தூக்குற பையன்கிட்ட 'அடுத்து 116 போடு'ன்னா போடுவானா? உன்னைய மட்டும் போடச் சொன்னா எப்படி?" என்றார் அக்கா.

உண்மைதானே? பெண்களும், எடை குறைவானவர்களும், புதிதாக வந்தவர்களும் பெஞ்ச் பிரஸ்ஸில் சீக்கிரம் நின்றுபோவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஏறும் படியே உயரமாக இருக்கிறது. அதை நாம் 'எனக்கு பலம் பத்தல' என்று எடுத்துக்கொள்கிறோம்.

சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டிகளில் வழக்கமாக இரண்டரை கிலோ கணக்கில்தான் எடையைக் கூட்டுவார்கள். ஆனால், சாதனையை முறியடிக்க முயலும்போது மட்டும் அரை கிலோ கூட்டினாலே போதும். உலக சாதனைக்கே அரை கிலோ போதுமென்றால், எனக்கு எதற்கு 5 கிலோ?

அக்கா சொன்ன வழி எளிமையானது. கணுக்காலில் கட்டுகிற அரை கிலோ வெயிட் ஒரு ஜோடி வாங்கினேன். ராடின் இரண்டு முனையிலும் பிளேட்டை ஒட்டி இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கிலோ கூடும். ஒன்றேகால் கிலோ பிளேட்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஜிம்மில் இல்லையென்றால் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால் வாங்கிப்போடுவார்கள்.

நான் செய்த தவறுகள்

அக்கா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார்.

தினமும் பரீட்சை: ஒவ்வொரு முறையும் அதிகபட்ச எடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பலத்தைச் சோதிப்பது, வளர்ப்பது இல்லை. தினமும் பரீட்சை எழுதினால் படிப்பது எப்போது?

வாரத்துக்கு ஒரு நாள்: திங்கட்கிழமை 'செஸ்ட் டே'. அதோடு அடுத்த திங்கள்தான். அக்கா அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் கனமாக, 5 ரெப்ஸ். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு நாள் லேசாக, 8 முதல் 10 ரெப்ஸ்.

அவசரம்: ஒரு செட் முடிந்து ஒரு நிமிடத்தில் அடுத்த செட். பின்னால் இரண்டு பேர் காத்திருப்பார்களே என்ற கூச்சம். பலத்துக்கான செட் என்றால் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு வேண்டும்.

ஓய்வே இல்லை: நாலு மாதத்தில் ஒரு வாரம்கூடக் குறைத்துச் செய்தது கிடையாது. சில வாரங்களுக்கு ஒருமுறை எடையையும் செட்டையும் குறைத்து ஒரு வாரம் லேசாக விட வேண்டும். சேர்ந்துபோன களைப்பு வடிந்தால்தான் வளர்ந்த பலம் வெளியே தெரியும்.

படுக்கும் விதம்: நான் பாயில் படுப்பதுபோல் படுத்திருந்தேன். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் கீழே இறக்கி, பெஞ்சில் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடியக் கூடாது. முழங்கையை உடம்புக்கு நேர் குறுக்காக விரித்தால் தோள் மூட்டுக்கு ஆபத்து. கொஞ்சம் உள்ளே வாங்கி, ராடை நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, ஏற்றும்போது தோளுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனிக்கச் சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்து கிளம்பிய உடனே நின்றது. அதற்கு மருந்து, எடையைக் குறைத்து, ராடை நெஞ்சில் ஒரு நொடி அசையாமல் நிறுத்திப் பிறகு தள்ளுவது. பாதிக்கு மேல் போய் நின்றால் பின்கை தசை பலவீனமாக இருக்கலாம். கையைக் கொஞ்சம் குறுக்கிப் பிடித்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ் அதற்கு உதவும்.

நெஞ்சில் நிறுத்துவது போட்டி விதியும்கூட. பாராலிம்பிக்கில் பவர்லிஃப்டிங் என்றாலே பெஞ்ச் பிரஸ் மட்டும்தான். ராடு நெஞ்சில் அசையாமல் நின்று, பிறகு ஏற வேண்டும். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ எடைப் பிரிவில் 157.5 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார் ராஜிந்தர் சிங் ரஹேலு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சுதிர் 212 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். காலின் உதவி பெரிதாக இல்லாமலேயே! அந்த வீடியோக்களைப் பாருங்கள். அவசரமே இருக்காது.

எல்லாம் செய்தும்...

ராடை எடை போட்டாச்சு. அரை கிலோ கட்டியாச்சு. படுப்பதையும் திருத்தியாச்சு. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு கிலோவாக ஏறி 32.5 வந்தது. மூன்றாவது வாரம் மறுபடியும் நின்றது.

இந்த முறை அக்கா என் நோட்டைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். "லேசான செட்டுக்கே இப்படி மூச்சு வாங்குற. படி ஏறுனா எப்படி இருக்கு?"

எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி. ஏறி முடித்ததும் நெஞ்சு படபடக்கும். 'கார்டியோ பண்றதில்ல, அதான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்கும். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் தூக்கம் பத்தவில்லை என்று நினைத்திருந்தேன். முடி கொட்டும். சென்னைத் தண்ணீர் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது.

"பிளட் டெஸ்ட் எடுத்தியா?"

எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே அது ரத்தசோகை. டாக்டர் மாதவிடாய் பற்றிக் கேட்டார். ஐந்தாறு நாள், அதிகமாகத்தான் போகும் என்றேன். "எப்பவுமே இப்படித்தான்" என்றும் சேர்த்துச் சொன்னேன். "எப்பவுமே இருக்குங்கறதால அது நார்மல் ஆயிடாதும்மா" என்றார்.

ஒரே ஒரு முறை ராடைத் தள்ளுவதற்கு ரத்தத்தின் ஆக்ஸிஜன் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால், ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையில் மீள்வதற்கு அது வேண்டும். மொத்தப் பயிற்சியையும் களைக்காமல் முடிக்க வேண்டும், மறுநாள் எழுந்து வேலைக்கும் போக வேண்டும். வேலையே பாதியில் நின்றால் பலம் எங்கிருந்து வரும்?

இது எனக்கு மட்டுமான கதை இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். பாதிக்கு மேல்! ஜிம்மில் நிற்கிற எடைக்கெல்லாம் ரத்தசோகைதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால், பயிற்சி சரியாக இருந்தும் நின்றால், உடம்பையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

காபி டம்ளரை நகர்த்தினேன்

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கணக்கு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப சில மாதம் தொடர வேண்டும் என்றார். டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பிறகு என் சாப்பாட்டைக் கேட்டார். காலையில் மூன்று இட்லி, கூடவே ஃபில்டர் காபி. அங்கேதான் பிடித்தார். காபியும் டீயும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை சேர உதவும். எனவே காபி டம்ளர் சாப்பாட்டை விட்டு ஒரு மணி நேரம் தள்ளிப் போனது. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரல்.

புரதத்திலும் ஓட்டை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது சாதாரணமானவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. 54 கிலோ இருக்கிற எனக்கு 45 கிராம். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தரும் என்கின்றன ஆய்வுகள். அப்படியென்றால் 86 கிராம். இட்லி, சாம்பார் சாதம், தோசை என்று போனால் பாதிகூடத் தேறாது. நான் சேர்த்தது: இரண்டு முட்டை (சுமார் 12 கிராம்), 50 கிராம் மீல்மேக்கர் (சுமார் 26 கிராம்), ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் (சுமார் 10 கிராம்). பவுடர் டப்பா வாங்கவில்லை. 'ஒரு ஊசி போட்டா ரெண்டு மாசத்துல ஏறிடும்' என்று ஜிம்களில் காதோரம் சொல்கிறவர்கள் இருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் ரிப்போர்ட்டைப் படித்த அம்மா, "படி ஏறுனா படபடப்பா? எனக்குந்தான் பத்து வருஷமா இருக்கு. வயசாகுதுல்ல" என்றார்.

அம்மாவுக்கு 48 வயது.

"வாம்மா, நீயும் டெஸ்ட் எடுத்துடு."

"எனக்கு எதுக்குடி டெஸ்ட்டு? நான் என்ன வெயிட்டா தூக்கப்போறேன்?"

தினமும் தண்ணீர் கேன் தூக்குவது யாராம்? கூட்டிக்கொண்டு போனேன். 8.4. டாக்டர் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபத்தான கட்டி இல்லை, ஆனால் அதனால்தான் அவ்வளவு ரத்தப்போக்கு. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். பத்து வருடமாக 'வயசாகுது' என்ற ஒரு வார்த்தைக்குக் கீழே அது ஒளிந்திருந்தது.

இப்போது என் நோட்டில்...

மாத்திரை ஆரம்பித்ததும் அக்கா எடையைக் குறைக்கச் சொன்னார். 27.5 கிலோவுக்கு இறங்கினேன். கௌரவம் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் இறங்கினேன். மூன்று செட்டிலும் ரெப்ஸ் நிறைந்தால் மட்டும் ஒரு கிலோ கூட்டல். நிறையாவிட்டால் அடுத்த முறையும் அதே எடை. சில வாரம் கூடியது, சில வாரம் நின்றது. இரண்டு முறை லேசான வாரம். நாலு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 12.3. பெஞ்ச் பிரஸ் 36.5 கிலோ, 5 ரெப்ஸ்.

ஜிம் கணக்கில் சொன்னால் 41. அன்று என் நெஞ்சில் உட்கார்ந்த அந்த '40' போன மாதமே தாண்டிவிட்டது. தாண்டிய நாளில் எனக்குத் தெரியக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மறக்கக் கூடாத 4 விஷயங்கள்

* கனமான செட்டுக்கு ஒருவரை சப்போர்ட்டுக்கு நிறுத்துங்கள். எத்தனை ரெப்ஸ் செய்யப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* யாரும் இல்லாதபோது பாதுகாப்புக் கம்பி உள்ள ஸ்டாண்டில் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் கிளிப் மாட்டாமல், நிச்சயமாக முடிகிற எடையை மட்டும் போடுங்கள்.

* கட்டைவிரல் ராடைச் சுற்றியிருக்கட்டும். விரலைச் சுற்றாமல் பிடித்தால் ராடு வழுக்கி நெஞ்சிலோ கழுத்திலோ விழலாம்.

* தோளில் கூர்மையான வலி, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அன்றைக்கு ராடை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு இரண்டு வேலை. ஜிம்முக்குப் போகிறவர்கள் உங்கள் ராடை எடை போட்டுப் பாருங்கள். போகிறவர்களும் போகாதவர்களும், வீட்டில் 'வயசாகுது' என்று சொல்லிக்கொண்டிருப்பவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அம்மா இப்போது தண்ணீர் கேனைத் தூக்குவதில்லை. "நீதான் 36 கிலோ தூக்குறியே, நீயே தூக்கு" என்று சொல்லிவிட்டார்.